இட் மைட் கெட் லவுட் (ஆவணப்படம்)

இட் மைட் கெட் லவுட் (2008) ராக் கிட்டார் இசையைப் பற்றிய அமெரிக்க ஆவணப்படம். டேவிஸ் குகன்ஹைம் இயக்கியது. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், யு2 குழுவின் தி எட்ஜ், தி வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் வைட் ஆகிய மூன்று கிட்டார் கலைஞர்களை முதலில் தனித்தனியாகவும், பின்னர் ஒரே தளத்தில் சேர்த்தும் காட்டுகிறது. தலைப்பைத் தமிழில் 'சத்தம் கூடக்கூடும்' என்று சொல்லலாம். ஓர் ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்குப் பொருள்களையும் இடங்களையும் கொண்டு விடை தேடுவது இப்படத்தின் சிறப்பு. அதே கேள்வி மனிதர்களை நோக்கித் திரும்பும் இடங்களில் படம் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. அதுவே இதன் குறை.

உருவாக்கம்

டேவிஸ் குகன்ஹைம் புவி வெப்பமடைதல் பற்றிய 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' (2006) படத்தின் இயக்குநர். அது சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. அதற்குப் பின் அவர் எடுத்த இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் தாமஸ் டல் முக்கியமானவர். கிட்டாரைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. கில்லெர்மோ நவாரோவும் எரிக் ரோலண்டும் ஒளிப்பதிவு செய்தனர். 2008 செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. 2009 ஆகஸ்டில் சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் நிறுவனம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது.

மூவரும் சந்தித்த நாள் 2008 ஜனவரி 23. இடம், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய படப்பிடிப்புத் தளம். நடுவே மேடை, நாற்காலிகள், கிட்டார்கள், ஆம்ப்ளிஃபயர்கள், ஒரு இசைத்தட்டு இயந்திரம். படம் இந்தச் சந்திப்பை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அவ்வப்போது மூவரின் ஊர்களுக்கும் இளமைக்கும் போய்த் திரும்புகிறது.

இசை ஆவணப்படங்களில் வழக்கமாக வரும் சில அம்சங்கள் இதில் இல்லை. கதைசொல்லி கிடையாது. இசை விமர்சகர்களோ, குழுவின் பிற உறுப்பினர்களோ, பழைய நண்பர்களோ வந்து புகழ்ந்து பேசுவதில்லை. பிரிவுகள், போதை, வழக்குகள், பணம் ஆகியவையும் இல்லை. மூவரின் குரல் மட்டுமே காட்சிகளின் மேல் ஒலிக்கிறது. இந்தக் கட்டுப்பாடு படத்துக்கு ஓர் அமைதியைத் தருகிறது. பார்ப்பவர் மூன்று தொழிலாளிகளின் பட்டறைகளுக்குள் நுழைந்ததுபோல உணர்கிறார்.

உலகின் மிகச் சிறந்த மூன்று கிட்டார் கலைஞர்கள் இவர்கள்தான் என்று படம் எங்கும் வாதிடவில்லை. ஹென்ட்ரிக்ஸ் ஏன் இல்லை, இன்னார் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு பார்ப்பவருக்கு இந்தப் படம் எரிச்சலைத்தான் தரும். மூவரும் மூன்று தலைமுறையினர். பேஜ் 1944இல் பிறந்தவர், எட்ஜ் 1961இல், வைட் 1975இல். தேர்வுக்கான காரணம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

பலகையும் கம்பியும்

முதல் காட்சி டென்னசியில் ஒரு பண்ணை வீட்டுத் திண்ணை. கோட்டும் தொப்பியும் அணிந்த ஜாக் வைட் ஒரு மரப்பலகையை எடுத்து, இரண்டு முனைகளிலும் ஆணி அடித்து, நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டுகிறார். கம்பிக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கோலா பாட்டிலைச் செருகுகிறார், அதுவே குதிரை. பலகையில் ஒரு பிக்கப்பைப் பொருத்தி ஆம்ப்ளிஃபயரில் இணைக்கிறார். பிறகு ஓர் உலோகத் துண்டைக் கம்பியின் மேல் வழுக்கவிட்டு வாசிக்கிறார். பலகை அலறுகிறது. கிட்டாரைக் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புகை பிடிக்கிறார். பக்கத்து வயலில் மாடுகள் மேய்கின்றன. அவற்றுக்கு இதில் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

மின்கிட்டாரைப் பற்றி அறியாத மாணவருக்கு இந்தச் சில நிமிடங்களைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். சாதாரண கிட்டாரில் மரக்குடம் ஒலியைப் பெருக்குகிறது. மின்கிட்டாரில் அந்தக் குடத்துக்கு வேலை இல்லை. உலோகத் தந்தி அதிரும்போது, அதன் அடியில் உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப் அந்த அதிர்வை மிகச் சிறிய மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் கம்பிவழியே ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ப் பெருகி, ஒலிபெருக்கியின் வழியே காற்றில் வெளிவருகிறது. வழியில் அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், நெரிக்கலாம், தாமதிக்கலாம். மின்கிட்டாரின் ஒலி இப்படி ஒரு சங்கிலியில் உருவாவது. ஒரு முனையில் விரலும் தந்தியும், நடுவில் மின்சுற்று, மறுமுனையில் அறையின் காற்று.

படத்தை இந்தச் சங்கிலியை மனதில் கொண்டு பார்த்தால் மூவரின் தேர்வும் தெளிவாகிறது. வைட் தந்தியின் முனையில் நிற்கிறார். எட்ஜ் மின்சுற்றில் வாழ்கிறார். பேஜ் அறையின் காற்றைப் பற்றி யோசித்தவர். படம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் சிறந்த மூன்று காட்சிகளும் இந்த மூன்று இடங்களில்தான் நிகழ்கின்றன.

ஜாக் வைட்

டெட்ராய்ட் நகரில் பத்துக் குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர் வைட். சிறிய அறையில் இரண்டு டிரம் செட்டுகளை வைத்துவிட்டதால் கட்டிலுக்கு இடமில்லாமல் போனது, அதை வெளியே போட்டுவிட்டுத் தரையில் ஒரு நுரைமெத்தைத் துண்டில் தூங்கினேன் என்கிறார். சோபா, நாற்காலிகளுக்கு மெத்தையும் உறையும் போடும் தொழிலைக் கற்றவர். தொழில் கற்றுக்கொடுத்தவருடன் சேர்ந்தே முதலில் இசைக்குழு வைத்தார்.

வைட்டின் கொள்கை எளிது: கருவி கலைஞனுக்குப் பணியக் கூடாது, கலைஞன் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். அவர் புகழ்பெற்ற விலையுயர்ந்த கிட்டார்களைத் தவிர்த்து, ஒரு காலத்தில் அமெரிக்க அஞ்சல்வழி விற்பனைக் கடைகள் விற்ற 'ஏர்லைன்' என்ற மலிவான, உடல் பிளாஸ்டிக்கால் ஆன கிட்டாரை வாசித்தார். மேடையில் விரல் கிழிந்து கிட்டார் உடலில் இரத்தம் படிவதைப் படம் காட்டுகிறது.

வைட்டின் பகுதியில் ஒரு விசித்திரம் உண்டு. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அவரைப் போலவே கோட்டும் தொப்பியும் அணிந்து கூடவே வருகிறான். அவன் இளமைக்கால ஜாக் வைட்டாம். பெரியவர் சிறியவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறார். ஆவணப்படத்தில் இப்படி ஒரு நாடகம் தேவையா என்ற கேள்வி எழுவது இயல்பு. வைட் தன்னைப் பற்றிய கதைகளைத் தானே புனைந்துகொள்வதில் விருப்பமுள்ளவர். இயக்குநர் அதற்கு இடம் கொடுத்துவிட்டார். சிறுவன் வரும் காட்சிகளில் வேடிக்கை இருக்கிறது, புதிய செய்தி இல்லை. அந்த நிமிடங்களை அவரது டெட்ராய்ட் ஆண்டுகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அவர் ஓர் இசைத்தட்டை எடுத்துப் போடும் காட்சி வேறு வகையானது. சன் ஹவுஸ் பாடிய 'கிரின்னின் இன் யுவர் ஃபேஸ்'. தனக்கு மிகப் பிடித்த பாடல் இதுதான் என்கிறார். சன் ஹவுஸ் (1902–1988) மிசிசிப்பி மாநிலத்தின் கறுப்பின ப்ளூஸ் கலைஞர். 1930இல் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, பின்னர் உலகத்தால் மறக்கப்பட்டு, 1964இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இளம் ஆர்வலர்களால் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர். இந்தப் பாடல் அதற்குப் பிறகு 1965இல் வெளியான தொகுப்பில் உள்ளது. அதில் கிட்டாரே இல்லை. ஒரு மனிதனின் குரல், கைத்தட்டு, அவ்வளவுதான். தட்டும் சீராக இல்லை, அவ்வப்போது பிசகுகிறது. கிட்டாரைப் பற்றிய படத்தில் மூவரில் ஒருவர் தன் உச்சமாகக் காட்டுவது கிட்டார் இல்லாத ஒரு பாடலை. பாட்டு ஒலிக்கும்போது வைட் எதுவும் விளக்குவதில்லை, கேட்கிறார். கேமராவும் அவர் முகத்தில் நிற்கிறது. நாடகப் பாங்கான வைட் மறைந்து ரசிகரான வைட் தெரியும் இடம் அது.

தி எட்ஜ்

டேவிட் எவன்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட எட்ஜ் டப்ளின் நகரில் வளர்ந்தவர். மவுண்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் என்ற மாணவர் 1976இல் ஒட்டிய துண்டுச்சீட்டிலிருந்து பிறந்தது யு2. படத்தில் எட்ஜ் அந்தப் பள்ளிக்குத் திரும்பிப் போகிறார். அறிவிப்புப் பலகை இருந்த சுவரைக் காட்டுகிறார். மேசை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி செய்த வகுப்பறையைக் காட்டுகிறார். பழைய மாணவர் யாரும் தன் பள்ளிக்குப் போனால் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். எழுபதுகளின் அயர்லாந்து, வேலையின்மை, குண்டுவெடிப்புகள் ஆகியவை சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. 'சண்டே பிளடி சண்டே' (1983) பாடல் அந்தச் சூழலில் வைத்துக் காட்டப்படுகிறது.

எட்ஜின் ஒலிக்கு அடிப்படை எதிரொலிக் கருவி. ஒரு சுரத்தை மீட்டினால் சிறிது நேரம் கழித்து அக்கருவி அதைத் திரும்ப ஒலிக்கும். அந்த இடைவெளியைப் பாட்டின் தாளத்தோடு பொருத்தி, தான் மீட்டும் அடுத்த சுரம் எதிரொலிகளுக்கு நடுவே விழும்படி அவர் வாசிக்கிறார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல அது கேட்கும். காலால் அழுத்தும் பெடல்கள் வரிசை வரிசையாக அவர் முன் கிடக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு கிட்டார், வேறு அமைப்பு.

இந்தச் சாதனக் குவியலைப் பார்த்து ஒருவர் முகம் சுளிக்கும் நேரத்தில், எட்ஜ் தாமாகவே முன்வந்து ஒன்றைச் செய்கிறார். 'எலிவேஷன்' பாடலின் ரிஃப்பை வாசிக்கிறார். (ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறிய கிட்டார்த் துணுக்கு.) அரங்கம் அதிரும் ஒலி. பிறகு எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, தன் விரல்கள் உண்மையில் வாசிப்பது என்ன என்று காட்டுகிறார். சில சுரங்கள், மிகச் சாதாரணமான அசைவு. கிட்டார் கற்கத் தொடங்கிய சிறுவனும் ஒரு வாரத்தில் வாசித்துவிடுவான். அவர் சிரிக்கிறார். வித்தைக்காரர் தன் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து காட்டுவதற்குத் துணிவு வேண்டும். படத்தின் மிக நேர்மையான தருணம் இதுவே. கேட்பவர் காதில் விழுவதும் விரல் செய்வதும் வேறு வேறு என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவில் விளக்க முடியாது.

இன்னொரு காட்சியில் அவர் பழைய ஒலிநாடாக்களைப் போட்டு, 'வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' (1987) பாடலின் முதல் வடிவங்களைக் கேட்கிறார். தடுமாற்றமான தாளம், இன்னும் வடிவம் பெறாத மெட்டு. கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலின் கிறுக்கல் பிரதி அது. புதிய பாட்டுக்காக அவர் தனியே அமர்ந்து, வராத ஒன்றை வரவழைக்க முயலும் காட்சியும் உண்டு. அப்போது அவர் தேடிக்கொண்டிருந்த ரிஃப் பின்னர் 'கெட் ஆன் யுவர் பூட்ஸ்' (2009) என்ற பாடலானது.

ஜிம்மி பேஜ்

படத்தில் அதிகம் பேசாதவரும், பேசாமலேயே அதிகம் தருபவரும் பேஜ். நரைத்த தலைமுடி, நீண்ட கறுப்பு மேலங்கி, மெல்லிய புன்னகை. 1957இல் பிபிசி தொலைக்காட்சியில் 13 வயதுச் சிறுவனாக அவர் நண்பர்களுடன் வாசித்த பழைய காட்சி காட்டப்படுகிறது. பெரியவனானால் என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்கு உயிரியல் ஆராய்ச்சி என்று அந்தச் சிறுவன் பணிவாகப் பதில் சொல்கிறான். அறுபதுகளில் அவர் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள்கூலிக் கலைஞராக இருந்தார். யாருடைய பாட்டோ, என்ன பாட்டோ தெரியாது. தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், போக வேண்டும். அதில் சலித்து வெளியேறினார். யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்குப் பின் 1968இல் லெட் செப்பலினைத் தொடங்கினார்.

இசைத்தட்டுகள் நிறைந்த அறையில் அவர் லிங்க் ரேயின் 'ரம்பிள்' (1958) என்ற தட்டைப் போடுகிறார். வார்த்தைகளே இல்லாத இந்தக் கிட்டார் இசையை, இளைஞர்களைச் சண்டைக்குத் தூண்டும் என்று பயந்து அமெரிக்காவின் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. இசை தொடங்கியதும் அறுபது வயதைக் கடந்த பேஜ் கையில் கிட்டார் இல்லாமலேயே காற்றில் மீட்டத் தொடங்குகிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. உலகமே பார்த்து நடித்துக்காட்டும் ஒரு மனிதர், தான் பார்த்து நடித்துக்காட்டியவரை நினைத்து ஆடுகிறார்.

அடுத்து ஹெட்லி கிரேஞ்ச். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள பழைய கல்வீடு. ஏழைகளுக்கான விடுதியாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. 1971இல் வெளியான லெட் செப்பலினின் நான்காவது தொகுப்பின் பெரும்பகுதி இங்கே உருவானது. பேஜ் வாசல் கூடத்தில் நின்று கை தட்டுகிறார். மூன்று மாடி உயரத்துக்கு எழும் படிக்கட்டின் வெளியில் அந்த ஒலி ஏறிச் சென்று திரும்புகிறது. ஜான் பான்ஹமின் டிரம் செட்டை இங்கே கீழே வைத்து, மைக்குகளை மேலே படிக்கட்டில் தொங்கவிட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாடலைப் பதிவு செய்ததை விளக்குகிறார். அக்கால வழக்கம், மைக்கை டிரம்முக்கு மிக அருகில் வைப்பது. தூரத்துக்கும் ஓர் ஒலி உண்டு என்பதை இந்தப் பதிவு காட்டியது. பின்னர் எத்தனையோ இசையமைப்பாளர்கள் அந்த டிரம் ஒலியை அப்படியே எடுத்துத் தங்கள் பாடல்களில் பயன்படுத்தினர். பான்ஹம் 1980இல் இறந்தார். குழுவும் அத்துடன் முடிந்தது. படம் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. வெறும் கூடத்தில் பேஜ் தட்டிய கைத்தட்டின் எதிரொலியே போதுமானதாக இருக்கிறது.

படம் சொல்லாதவை

ஹெட்லி கிரேஞ்ச் காட்சி இப்படத்தின் வலிமைக்குச் சான்று. குறைக்கும் அதுவே சான்று. அந்தப் படிக்கட்டில் பதிவான பாடல் லெட் செப்பலின் எழுதியது அல்ல. கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்தது. 1927இல் மிசிசிப்பி ஆற்றின் கரைகள் உடைந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். கரைகளை உயர்த்தும் வேலைக்குக் கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டாயப்படுத்தி நிறுத்தப்பட்டனர். அந்த வெள்ளம்தான் பாட்டின் பொருள். தலைப்பில் வரும் 'லெவி' என்ற சொல்லுக்கு ஆற்றங்கரை அணை என்று பொருள். லெட் செப்பலின் தம் தொகுப்பில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்தே வெளியிட்டது. ஆகவே இது மறைக்கப்பட்ட செய்தி அல்ல. ஆனாலும் படத்தின் அந்தக் காட்சி முழுக்க டிரம்மின் எதிரொலியைப் பற்றியே பேசுகிறது. மைக் எந்த உயரத்தில் தொங்கியது என்று தெரிகிறது, பாட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை.

மெம்ஃபிஸ் மின்னி (1897–1973) தேர்ந்த கிட்டார் கலைஞர். ஆண்களோடு போட்டியிட்டு வாசித்தவர். மின்கிட்டாரை ஆரம்பத்திலேயே கையில் எடுத்த ப்ளூஸ் கலைஞர்களில் ஒருவர். இந்தப் படத்தில் ஒரு பெண் கிட்டார் கலைஞர்கூட இல்லையே என்ற குறை பொதுவாகச் சொல்லப்படக்கூடியது. அதற்கு, மூவரைப் பற்றிய படத்தில் எல்லாரையும் சேர்க்க முடியாது என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் படம் நின்று விளக்கும் பாட்டுக்குள்ளேயே ஒரு பெண் கிட்டார் கலைஞர் இருந்தார். ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும்.

இதே கதை மற்ற இடங்களிலும் தொடர்கிறது. சந்திப்பில் மூவரும் சேர்ந்து வாசிக்கும் 'இன் மை டைம் ஆஃப் டையிங்' கறுப்பினக் கிறிஸ்தவர்களிடையே வழங்கிய பக்திப் பாடல். பார்வையற்ற கலைஞரான பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் அதை வேறு தலைப்பில் பதிவு செய்தார். 1975இல் லெட் செப்பலின் வெளியிட்டபோது குழுவின் நால்வர் பெயரும் மட்டுமே இருந்தன. 'ஹோல் லாட்டா லவ்' (1969) பாடலின் வரிகள் மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாடலை ஒத்திருப்பதாகக் கூறி, அதை எழுதிய வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. பின்னர் வந்த பதிப்புகளில் டிக்சன் பெயர் சேர்க்கப்பட்டது.

பேஜைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும் என்பது இங்கே வாதம் அல்ல. ப்ளூஸ் மரபில் ஒருவர் பாட்டை ஒருவர் எடுத்துப் பாடுவது வழக்கம். வரிகள் கைமாறும், மெட்டுகள் கைமாறும். அந்த ரிஃப்பை உருவாக்கியவர் பேஜ்தான் என்பதிலும் ஐயம் இல்லை. ஆனால் கைமாற்றம் ஒரு வயல்வெளியில் நடப்பதும், ஒரு பக்கம் பல லட்சம் தட்டுகள் விற்கும் சந்தையில் நடப்பதும் ஒன்றல்ல. ஒலியின் ஊற்றைத் தேடிப் போகிறேன் என்று புறப்பட்ட படம் இந்த இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். வரவில்லை.

முதல் காட்சியின் பலகைக்கும் ஒரு முன்கதை உண்டு. ஒரு கம்பி, இரண்டு ஆணி, அடியில் ஒரு பாட்டில் என்ற அமைப்புக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'டிட்லி போ' என்று பெயர். கிட்டார் வாங்க வசதியில்லாத கறுப்பினச் சிறுவர்கள் துடைப்பத்தைக் கட்டிய கம்பியை அவிழ்த்து வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கட்டி வாசித்தார்கள். ப்ளூஸ் கலைஞர்கள் பலருக்கு முதல் கருவி அதுதான். வைட் இதை நன்கு அறிந்தவர். படத்தில் அது ஒரு தனிமனிதனின் துடுக்கான கண்டுபிடிப்புபோலத் தோற்றம் கொள்கிறது. வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கும் வாங்க முடியாமல் இருந்ததற்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் படம் கவனிக்கவில்லை.

மூவரில் இந்த விஷயத்தைத் தொட்டுப் பேசுபவர் வைட் மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற மூன்று நிற உடைகளும், அக்கா தம்பி என்ற பாவனையும், குழந்தைத்தனமான தோற்றமும் ஒரு கவனத் திருப்பல் என்கிறார். வெள்ளையர் இருவர் ப்ளூஸ் வாசிக்க முயல்கிறார்கள் என்பதை மக்கள் உடனே பார்த்துவிடாமல் இருக்க அந்த வேடம் உதவியதாம். மிக முக்கியமான ஒப்புதல் இது. இயக்குநர் அங்கே நின்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். படம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

சந்திப்பு

படத்தின் விளம்பரப் பொருளான சந்திப்பு, அதன் பலவீனமான பகுதி. தளத்துக்குக் காரில் வரும் வழியில் வைட், அடிதடி நடக்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை. கருத்து மோதலும் நடக்கவில்லை.

மோதலுக்கு வேண்டியது எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் வந்த பங்க் இசை, நீண்ட கிட்டார் ஆலாபனைகளையும் பிரம்மாண்ட மேடைகளையும் எதிர்த்து எழுந்தது. தி ஜாம் போன்ற குழுக்களைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தனக்கு வழி திறந்ததாக எட்ஜ் சொல்கிறார். ராக் குழுக்களின் ஆடம்பரத்தைக் கேலி செய்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' (1984) என்ற படத்தைப் பார்த்தபோது தனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது என்கிறார். அவ்வளவு உண்மையாக இருந்ததாம். அந்தத் தலைமுறை எதை எதிர்த்ததோ அதன் முதன்மையான முகங்களில் ஒருவர் பேஜ். கருவிக் குவியலை வெறுக்கும் வைட்டும், அதிலேயே வாழும் எட்ஜும் இன்னொரு எதிர்நிலை. மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு, இவற்றில் ஒன்றைக்கூட எடுத்துப் போடாமல் இருந்தது இயக்குநரின் மரியாதை மிகுதி. விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொள்வதைப் போலப் பேச்சு நகர்கிறது.

ஆனால் வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பேஜ் எழுந்து நின்று 'ஹோல் லாட்டா லவ்' ரிஃப்பை வாசிக்கத் தொடங்குகிறார். கேமரா மற்ற இருவர் மேல் திரும்புகிறது. எட்ஜ் நாற்காலியை விட்டு எழுந்து அருகில் வருகிறார். பார்வை பேஜின் விரல்களில். வைட்டின் முகத்தில் அதுவரை இருந்த விறைப்பு கரைந்து ஒரு சிறுவனின் சிரிப்பு வருகிறது. வகுப்பறையில் அதிகம் பேசும் மாணவன் ஒருவன், தனக்குப் பிடித்த ஒன்றைக் கண்டதும் வாயடைத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் புதிதாக இருக்காது. இருவரும் மேடைகளில் பல்லாயிரம் பேரைப் பார்த்தவர்கள். அந்த நிமிடத்தில் அவர்கள் ரசிகர்கள். பேஜும் அதை அறிந்தே வாசிக்கிறார்.

எட்ஜ் தன் 'ஐ வில் ஃபாலோ' (1980) பாடலை மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுக்கும் இடமும் சுவையானது. தலைமுறையில் மூத்தவர் மாணவராகி, விரல் வைக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். இசைக் கலைஞர்கள் பேச்சில் தவிர்த்துவிட்ட உரையாடலை விரல்களில் நடத்துகிறார்கள் என்று கொள்ளலாம். சந்திப்புக் காட்சிகளில் பேச்சைக் குறைத்து வாசிப்பைக் கூட்டியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

படத்தின் இடம்

இசைக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பெரும்பாலும் எழுச்சி, வீழ்ச்சி, மீட்சி என்ற ஒரே வார்ப்பில் அமைகின்றன. இட் மைட் கெட் லவுட் அந்த வார்ப்பை ஏற்கவில்லை. இசை எப்படிச் செய்யப்படுகிறது என்ற தொழில்நுட்பத்தை, இசை அறியாத பார்வையாளருக்கும் புரியும்படி காட்சிகளாக்கியது இதன் சாதனை. கண்ணாடி பாட்டில், பெடல், படிக்கட்டு என்ற மூன்று பொருள்களை அடையாளம் வைத்து ஒரு மாணவர் மின்கிட்டாரின் இயக்கத்தை நினைவில் இருத்திக்கொள்ள முடியும். ராக் இசைக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். தொடங்குபவர்கள் படம் முடிந்ததும் சன் ஹவுஸ், மெம்ஃபிஸ் மின்னி, பிளைண்ட் வில்லி ஜான்சன் ஆகியோரின் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டால், படம் விட்ட இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம்.

இறுதியில் மூவரும் சாதாரண மரக்கிட்டார்களை எடுத்துக்கொண்டு 'தி வெயிட்' (1968) பாடலை வாசிக்கிறார்கள். தி பேண்ட் குழுவின் பாடல் அது; மூவரில் யாருக்கும் சொந்தமில்லை. எட்ஜும் வைட்டும் பாடுகிறார்கள். பேஜ் பாடவில்லை. தலை குனிந்து, மற்றவர்களின் குரலுக்கு இடம் விட்டு, அடியில் வாசித்துக்கொண்டே இருக்கிறார்.